ஊசிக்கப்பல் வராத வருஷம்

கடல் முடியற இடத்துல ஒரு ஊர் இருந்துச்சாம். இல்ல இல்ல, கடல் தொடங்கற இடத்துல. எப்படிச் சொன்னாலும் அதே ஊர்தான், பவளமுனைன்னு பேரு. அந்த ஊருக்கு ஒரு ராஜா, பேரு முத்துவிசயன். நல்ல மனுஷன்தான், ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பேர் பேசினா அவருக்குத் தலை சுத்திடும். அவருக்கு ஒரு மந்திரி, உலகநாதர். அவர் ஒருத்தரே ரெண்டு பேர் பேச்சைப் பேசுவார்.

அந்த ஊர்ல எல்லாம் உண்டு. மீன் உண்டு, உப்பு உண்டு, பனை உண்டு. ஊசி மட்டும் கிடையாது. ஊசி அக்கரைச் சீமையிலேருந்து கப்பல்ல வரும். முன்னாடி அவங்களே அடிச்சுக்கிட்டுதான் இருந்தாங்களாம். அக்கரை ஊசி வழவழன்னு இருக்கு, துணியில தண்ணி மாதிரி போகுது, விலையும் கொஞ்சம்தான்னு ஆனதும், எதுக்கு வீண் வேலைன்னு விட்டுட்டாங்க. அது ஒண்ணும் குத்தமில்லை. யாரா இருந்தாலும் அதைத்தான் செய்வாங்க. குத்தம் அதுக்கப்புறம் வந்துச்சு.

என்னன்னு கேளுங்க. காத்து திரும்பினதும் கப்பல் வரும். துறையில போய் நின்னு, பழைய ஊசியைக் கொடுத்தா புது ஊசி கொடுப்பாங்க. பழசை அக்கரைக்குக் கொண்டுபோய் உருக்கி மறுபடி ஊசியா அடிப்பாங்களாம். அன்னைக்குத் துறையில ஒரே கூட்டம், ஒரே சண்டை, நான் முந்தி நீ முந்தின்னு. மந்திரி பாத்தார். "மகாராஜா, இது அழகா இல்லை. கப்பல் வர்றதுக்கு முந்தின நாளே எல்லாரும் பழைய ஊசியை அரண்மனையில கொடுத்துடணும். கப்பல் வந்ததும் வீடு வீடா புதுசு போயிடும். நேரம் மிச்சம், இடம் மிச்சம், சண்டை மிச்சம்"னார். மூணு மிச்சத்தைக் கேட்டதும் ராஜாவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. உடனே தண்டோரா போட்டாச்சு.

ஜனங்க வரிசையா வந்து ஊசியைக் கொடுத்தாங்க. தையல் ஊசி, கோணி ஊசி, வலை பின்ற ஊசி, எல்லாத்தையும் கொடுத்தாங்க. அந்த வரிசையில கடலாச்சின்னு ஒருத்தி நின்னாள். புருஷன் பேரு இருளாண்டி, சங்கு குளிக்கிறவன். அவ கையில பாய்மரத்துப் பாய் தைக்கிற பெரிய ஊசி.

"ஐயா, ஒரு சந்தேகம். கப்பல் வராட்டி?"

மந்திரி சிரிச்சார். "கப்பல் வராட்டியா? நாளைக்குச் சூரியன் வராட்டின்னு கேப்பியா நீ?"

"சூரியனுக்குப் பாய் கிழியாதுங்க ஐயா."

"நகரு, நகரு, பின்னாடி ஆளு நிக்குது."

அவளும் கொடுத்துட்டு நகர்ந்துட்டாள். ஒரு நாள்தானேன்னு எல்லாரும் நினைச்ச மாதிரிதான் அவளும் நினைச்சாள்.

மறுநாள் விடிஞ்சுது. சூரியன் வந்துச்சு. கப்பல் வரலை. அதுக்கு மறுநாளும் வரலை. அந்த மாசமே வரலை.

ராஜா கேட்டார், "ஏன் வரலை?" அக்கரையில சண்டைன்னான் ஒருத்தன். சண்டை இல்லை, நடுவழியில ஒரு கப்பல் குறுக்கே தரை தட்டி நிக்குது, மத்த கப்பலெல்லாம் அதுக்குப் பின்னாடி வரிசையில நிக்குதுன்னான் இன்னொருத்தன். ரெண்டுமில்லை, கப்பல்காரனோட மகளுக்குக் கல்யாணம்னான் மூணாவது ஆளு. மூணு பேரும் ஒரே நேரத்துல சொன்னாங்களா, ராஜாவுக்குத் தலை சுத்திடுச்சு. "சரி, வந்தா வரட்டும். வாங்கின பழைய ஊசியைத் திருப்பிக் கொடுத்துடுங்க"ன்னார்.

மந்திரி கண்ணு இமைக்காம சொன்னார், "அதையெல்லாம் படகுல ஏத்தி, கப்பலை எதிர்கொண்டு நடுக்கடலுக்கே அனுப்பியாச்சே மகாராஜா. நேரம் மிச்சம்னு சொன்னேனே."

பொய்யிங்க, பச்சைப் பொய்! அனுப்பவே இல்லை. கப்பல் வரலைன்னு தெரிஞ்சதுமே அந்த ஊசி அத்தனையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், கிணத்தடியில மண்சால்னு சொல்ற பெரிய பானையில போட்டுப் புதைச்சுட்டார். ஊர்ல ஊசியே இல்லாதப்போ ஊசி வச்சிருக்கிறவன்தானே ராஜா? அதான் அவர் கணக்கு. இது நமக்குத் தெரியும், அந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. நீங்களும் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க.

அப்புறம் ஊரே ஒவ்வொண்ணாப் பிரிய ஆரம்பிச்சுது. கோணி கிழிஞ்சுது, அரிசி வழியெல்லாம் கொட்டுச்சு, வண்டிக்காரங்க வண்டியைத் திருப்பிட்டாங்க. சாமி குடை கிழிஞ்சுது, சாமி வெயில்ல ஊர்வலம் போச்சு. கல்யாணப் பொண்ணு ரவிக்கையை முடிச்சுப் போட்டுக் கட்டிக்கிட்டு மணையில உக்காந்தாள். வேட்டிக்குத் தையல் கிடையாதுங்கறதால அரண்மனையில இருக்கிற ஆம்பளைங்களுக்குக் கொஞ்ச நாள் அந்தக் கஷ்டமே தெரியலை.

அந்த நேரத்துலதான் ஒரு சூறைக்காத்து அடிச்சுது. இருளாண்டியைச் சங்குத் திட்டுல இறக்கி விட்டுட்டு கடலாச்சியோட சித்தி மகன், இல்ல இல்ல, அவளோட சொந்தத் தம்பி குமரையா, படகுல திரும்பி வந்துக்கிட்டிருந்தான். அந்தக் காத்துல பாய் நடுவால கிழிஞ்சு, அவன் கரை சேர்ந்ததே பெரும்பாடு. கரையில கிடந்த படகுப் பாயெல்லாம்கூட நார் நாராப் போச்சு. அந்தத் திட்டு நடுக்கடல்ல ஒரு மணல் மேடு. மரம் கிடையாது, நிழல் கிடையாது, நல்ல தண்ணி கிடையாது. கொண்டுபோன பானைத் தண்ணிதான். துடுப்புப் போட்டுப் போகலாம்னா நீரோட்டம் பின்னாடி தள்ளிடும். பாய் இருந்தாத்தான் படகு போகும்.

குமரையா முள்ளால குத்தி, கயிறால கட்டிப் பாத்தான். முதல் காத்துல பிரிஞ்சுது. மறுபடி கட்டினான், மறுபடி பிரிஞ்சுது. தலையில கை வச்சு உக்காந்துட்டான். "அக்கா, ஊசி வேணும்க்கா. மாமன் தண்ணிப்பானை வத்திப்போறதுக்குள்ள ஊசி வேணும்."

கடலாச்சி ஓடினாள். கொல்லன் பெருமாளாசாரிகிட்டப் போனாள்.

"ஆசாரியாரே, ஒரு ஊசி அடிச்சுக் கொடுங்க. என் புருஷன் திட்டுல கிடக்கான்."

"நான் ஊசி அடிச்சதில்லை தாயி. ஆனா அடிச்சுப் பாக்கலாம், இரும்புதானே? அதுக்கு உலை கனியணும். உலை கனிய துருத்தி ஊதணும். துருத்தியைப் பாரு."

பாத்தாள். தோல் துருத்தி, வயித்துல பெரிய கிழிசல். அழுத்தினா பாட்டி கொட்டாவி விட்ட மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான், காத்தே வரலை.

"இதைத் தச்சுக் கொண்டா, நான் ஊசி அடிச்சுத் தர்றேன்"னார் ஆசாரி.

அப்புறம் துருத்தியைத் தூக்கிக்கிட்டுத் தோல் தைக்கிற மாசானம்கிட்ட ஓடினாள்.

"மாசானண்ணே, இந்தத் துருத்தியைத் தச்சுக் கொடுங்க."

"தச்சுட்டாப் போச்சு. ஊசி எங்கே?"

"ஊசிக்காகத்தான் தைக்கச் சொல்றேன்."

"தைக்கறதுக்காகத்தான் நானும் ஊசி கேக்கறேன்."

"முள்ளால தச்சா?"

"துருத்திக்கு முள் ஆகாதும்மா. ஓட்டை பெருசாகும், தையல் இறுகாது, காத்து போயிடும். நீ போய்க் கொல்லன்கிட்ட ஒரு ஊசி வாங்கிட்டு வா."

கடலாச்சி கொல்லன்கிட்டப் போனாள். கொல்லன் மாசானம்கிட்ட அனுப்பினார். மாசானம் கொல்லன்கிட்ட அனுப்பினார். ஊசி அடிக்கத் துருத்தி, துருத்தி தைக்க ஊசி, ஊசி அடிக்கத் துருத்தி. எனக்கே தலை சுத்துது, எங்க விட்டேன்? ஆங், அவ மூணாவது சுத்து சுத்தறப்போ தெரு நாய்கூட அவ பின்னாடி ஓடறதை விட்டுட்டு, எப்படியும் இந்தப் பக்கம்தானே வருவான்னு முச்சந்தியிலேயே படுத்துக்கிச்சாம்.

கடைசியில அரண்மனைக்குப் போனாள். கையில கிழிஞ்ச துருத்தி.

"மகாராஜா, ஊசிக்குத் துருத்தி வேணும்ங்கறார் கொல்லர். துருத்திக்கு ஊசி வேணும்ங்கறார் மாசானம். இதுல எது முதல்ல?"

ராஜா யோசிச்சார். "துருத்திதான் முதல்ல"ன்னார்.

"அதுக்கு ஊசி வேணுமே?"

"அப்போ ஊசிதான் முதல்ல."

"அதுக்குத் துருத்தி?"

ராஜா சிம்மாசனத்தைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டார். சபையில இருந்த புலவருங்க எந்திரிச்சாங்க. ஒருத்தர் ஊசிக் கட்சி, ஒருத்தர் துருத்திக் கட்சி, ஒருத்தர் ரெண்டுமே மாயைங்கற கட்சி. மத்தியானச் சாப்பாடு வரைக்கும் வாதம் நடந்துச்சு. சாப்பாட்டுக்கு அப்புறம் கட்சி மாறி உக்காந்து மறுபடி நடந்துச்சு.

கடலாச்சி சொன்னாள், "ஐயாமாரே, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள திட்டுல பானை வத்திடும்."

ராஜாவுக்கு மனசு சங்கடமாப் போச்சு. தண்டோரா போடச் சொன்னார். ஊசி கொண்டு வர்றவங்களுக்கு ஒரு கறவை மாடு. யாரும் வரலை. ஒரு தென்னந்தோப்பு. யாரும் வரலை. ஒரு கிராமமே தர்றேன். மந்திரி தன் வீட்டு மாடியில நின்னு மூணு தண்டோராவையும் கேட்டார். கிணத்தடியைப் பாத்தார். "கிராமம் வரைக்கும் வந்தாச்சு. இன்னும் கொஞ்சம் பொறுத்தா பாதி நாடு வரும்"னு சொல்லிக்கிட்டு வெத்திலை போட்டுக்கிட்டார். அங்க திட்டுல ஒருத்தன் நாக்கு வறண்டு கிடக்கான், இங்க இவர் வாய் சிவக்க வெத்திலை போடறார்.

கடலாச்சி வீட்டுக்குப் போனாள். பிள்ளைங்க பசியில கிடந்துச்சுங்க. கஞ்சி வைக்கலாம்னு அடுப்பைப் பத்த வச்சாள். விறகு ஈரம், புகைஞ்சுது. ஊதாங்குழலை எடுத்து ஊதினாள். எரியலை. இன்னும் ஊதினாள். எரியலை. புருஷனை நினைச்சு இருந்த பயம், ராஜா மேல இருந்த கோபம், புலவருங்க மேல இருந்த வெறுப்பு, எல்லாத்தையும் சேத்து ஒரு ஊது ஊதினாள் பாருங்க, குபீர்னு பத்திக்கிச்சு. அடியில கிடந்த இடுக்கி நுனி சிவந்துபோச்சு.

அவ அந்தச் சிவப்பைப் பாத்தாள். கையில இருந்த குழலைப் பாத்தாள். கஞ்சிப் பானையை அப்படியே விட்டுட்டுத் தெருவுல இறங்கி ஓடினாள்.

"ஏ ராக்காயி! ஏ மரியம்மா! ஏ பாத்திமா! ஊதாங்குழலை எடுத்துக்கிட்டு வாங்கடி!"

"எதுக்குடி?"

"கொல்லன் உலையை ஊத!"

"உனக்குப் புத்தி கலங்கிடுச்சா?"

"கலங்கித்தான் போச்சு. வாங்கடி!"

அப்புறம் பாக்கணுமே, தெருவே ஊதாங்குழலோட வந்துச்சு. மூங்கில் குழல், பித்தளைக் குழல், இரும்புக் குழல். பெருமாளாசாரி பட்டறை வாசல்ல நின்னு கையை விரிச்சார். "தாயி, இது பட்டறை. அடுப்படி இல்லை."

"ரெண்டுலயும் நெருப்புதானே ஆசாரியாரே இருக்கு? வழி விடுங்க."

உலையைச் சுத்தி உக்காந்தாங்க. மொத்தமா ஊதினா சாம்பல்தான் பறந்துச்சு, ஆசாரி முகமெல்லாம் விபூதி அபிஷேகம். "ஏன்டி, ஒருத்தி ஊதறப்போ ஒருத்தி மூச்சு வாங்குங்கடி"ன்னாள் கடலாச்சி. பாதிப் பேர் ஊத, பாதிப் பேர் மூச்சு வாங்க, மாறி மாறி ஊதினாங்க. காத்து நிக்கவே இல்லை. கரி கறுப்புலேருந்து சிவப்பாச்சு, சிவப்புலேருந்து மஞ்சளாச்சு. ஆசாரி தன் வீட்டுக் கதவுக் கொண்டியைப் பிடுங்கி உலையில போட்டார். அது பழுத்துச்சு. எடுத்து அடிச்சார், நீட்டினார், மறுபடி போட்டார், மறுபடி நீட்டினார். ஒரு முனையைக் கூராக்கினார்.

அப்புறம் நின்னுட்டார். "தாயி, ஊசிக்குக் காது குத்தணுமே. அவ்வளவு சின்னத் துளை போட என்கிட்ட உளி கிடையாது. அந்த மாதிரி உளியெல்லாம் அக்கரையிலேருந்துதான் வரும்."

எல்லாப் பொம்பளைங்களும் குழலைக் கீழ வச்சுட்டாங்க. ராக்காயி அழுதுட்டாள். கடலாச்சி மட்டும் அந்த இரும்பையே பாத்துக்கிட்டு நின்னாள்.

"துளை எதுக்கு ஆசாரியாரே? நூல் மாட்டணும், அவ்வளவுதானே? வாலை மெல்லிசாத் தட்டி, வளையமா மடக்கி விடுங்க."

ஆசாரி அவளைப் பாத்தார். வாலைத் தட்டினார். மடக்கினார். தண்ணியில போட்டார், சுர்ருன்னுச்சு.

வெளியில எடுத்தா, அது ஊசி மாதிரியே இல்லை. கோணல், தடிமன், கரடு. மரியம்மா கேட்டாள், "இது ஊசியா, கடப்பாரைக்குப் பிறந்த குட்டியா?"

"எதுக்குப் பிறந்தா என்ன, குத்துதா பாரு"ன்னாள் கடலாச்சி.

குத்துச்சு. வலை நூலைக் கோத்து, கிழிஞ்ச பாயை அவளும் குமரையாவும் ரெண்டு பக்கமும் உக்காந்து தச்சாங்க. தையல் அழகே இல்லை. ஆனா இழுத்துப் பாத்தா பிரியலை. குமரையா கூட ஒருத்தனை ஏத்திக்கிட்டு, நல்ல தண்ணிக் குடத்தோட பாயை ஏத்தினான். காத்து நிறைஞ்சுது. படகு போச்சு. கடலாச்சி கரையிலேயே நின்னுட்டாள்.

சேதி அரண்மனைக்குப் போச்சு. ராஜாவே எந்திரிச்சுக் கரைக்கு வந்துட்டார், பின்னாடி சபை மொத்தமும். "கடலாச்சி, ஊசி வந்தாச்சாமே! சொன்ன சொல் மாறமாட்டேன், கிராமம் உனக்குத்தான்."

"அதெல்லாம் அப்புறம் மகாராஜா. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கடலை மறைக்கறீங்க."

ராஜா தள்ளி நின்னார். அந்த நேரம் பாத்து மந்திரி ஓடி வர்றார், பின்னாடி ஆளுங்க ஒரு பெரிய மண்சால் பானையைத் தூக்கிக்கிட்டு வர்றாங்க. கிராமம் கை நழுவுதுன்னதும் மனுஷனால பொறுக்க முடியலை.

"நிறுத்துங்க மகாராஜா! ஒரு கோணல் ஊசிக்கா ஒரு கிராமம்? நான் ஊருக்கே ஊசி கொண்டு வந்திருக்கேன். நேத்து கடலம்மா கனவுல வந்து, உன் கிணத்தடியைத் தோண்டுன்னாள். தோண்டினேன், இதோ!"

ஊரே எட்டிப் பாத்துச்சு. அவர் மூடியைத் திறந்து பானையைக் கவுத்தார். தொப்புன்னு விழுந்துச்சு. ஊசி இல்லை. பலாப்பழம் மாதிரி ஒரே கட்டி, மேலெல்லாம் முள்ளு முள்ளா, செக்கச்செவேல்னு துரு. கடலோரத்துக் கிணத்தடி உப்பு ஈரம், ஊசி அத்தனையையும் ஒண்ணா ஒட்டித் தின்னுட்டிருந்துச்சு.

யாரும் பேசலை. அதனாலேயோ என்னவோ, ராஜாவுக்கு முதல் தடவையாத் தலை சுத்தலை. நிதானமாக் கேட்டார்:

"உலகநாதரே, நடுக்கடலுக்கு அனுப்பின ஊசி உம்ம கிணத்தடிக்கு எப்படி வந்துச்சு?"

"நான் என்ன சொல்றேன்னா மகாராஜா, இது அந்த ஊசி இல்லை, இது வேற ஊசி, அந்த ஊசியாவே இருந்தாலும் அதுக்கு நான் காரணம் இல்லை, காரணம் நானாவே இருந்தாலும்..."

"போதும். திட்டுல ஒருத்தன் தாகத்துல கிடக்கறது தெரிஞ்சும் இதை மூடி வச்சிருந்தீரா, இல்லையா?"

மந்திரி வாயைத் திறந்தார். ரெண்டு பேர் பேசற வாயிலேருந்து ஒரு ஆள் பேச்சுகூட வரலை.

"இந்தக் கட்டியைப் பட்டறைக்குக் கொண்டு போங்க. ஊர்ல ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஊசி வர்ற வரைக்கும் ஆசாரி அடிக்கட்டும், இவர் ஊதட்டும். துருத்தி வேண்டாம். குழல் போதும்."

அப்புறம் என்ன, பட்டு அங்கவஸ்திரத்தோட மந்திரி உலை முன்னாடி உக்காந்தார். ஊதினா சாம்பல் மூக்குல, நிறுத்தினா ஆசாரி திட்டு காதுல. முதல் நாளே மீசை கருகிப்போச்சு. ரெண்டாவது நாள் புருவம் போச்சு. மூணாவது நாள் அவர் வீட்டு வேலைக்காரனே அவரை அடையாளம் தெரியாம, "ஐயா எங்கே?"ன்னு அவர்கிட்டயே கேட்டானாம்.

சரி, திட்டுக்குப் போன படகு என்னாச்சு?

படகு போன அன்னைக்குக் கடலாச்சி கரையை விட்டு நகரலை. ராஜாவும் போகலை, போகத் தோணாம ஓரமா மணல்ல உக்காந்துட்டார். பொழுது சாயற நேரம், தூரத்துல பாய் தெரிஞ்சுது. நடுவுல குறுக்கே தடியா ஒரு தையல். படகு கிட்ட வந்துச்சு. குமரையா தலை தெரிஞ்சுது. கூடப் போனவன் தலை தெரிஞ்சுது. மூணாவது தலை தெரியலை.

கடலாச்சி இடுப்பளவு தண்ணியில இறங்கி நடந்தாள். படகு விளிம்பைப் பிடிச்சு எட்டிப் பாத்தாள். அடியில, குடத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஒருத்தன் படுத்திருந்தான். உதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. மெதுவாக் கண்ணைத் திறந்தான். பாயைப் பாத்தான், அவளைப் பாத்தான்.

"என்னடி இது, பன்னி கடிச்சு வச்ச மாதிரி தச்சிருக்கே?"

அவ அவன் தோள்ல ஓங்கி ஒரு அடி வச்சாள். அப்புறம்தான் அழுதாள்.

அதுக்கப்புறம் எப்பவோ கப்பலும் வந்துச்சு. "ஏன்பா இவ்வளவு தாமதம்?"னு ராஜா கேட்டார். கப்பல்காரன் முழிச்சான். "தாமதமா? நான் சரியான நாளுக்குத்தானே வந்திருக்கேன்?" சண்டையா, தரை தட்டுச்சா, கல்யாணமா, ஒண்ணும் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் விளங்கலை. ஆனா ஜனங்க புது ஊசி வாங்கினாங்க, நிறையவே வாங்கினாங்க, வழவழன்னு நல்லாத்தானே இருக்கு? பழசைக் கேட்டப்போ மட்டும் ஒருத்தரும் கொடுக்கலை. காசு வேணும்னா வாங்கிக்கன்னுட்டாங்க. ஆசாரியும் வருஷத்துக்குக் கொஞ்சம் கோணல் ஊசி அடிச்சுக்கிட்டேதான் இருந்தார். வருஷத்துக்கு வருஷம் கோணல் குறைஞ்சுக்கிட்டே வந்துச்சு.

அடுத்தவன்கிட்ட வாங்கறது தப்பில்லை கண்ணுங்களா. வரப்போறதை நம்பி, இருக்கறதைக் கொடுத்துட்டுக் கையை நீட்டிக்கிட்டு நிக்கறதுதான் தப்பு.

கப்பல் கரைக்கு வந்தாச்சு, சொன்னது காதுக்கு வந்தாச்சு, கண்ணுக்குத் தூக்கம் வரட்டும்.